மூன்று பங்கு தவசம், ஒரு பங்கு பயறு

(எம். புதுப்பட்டியில் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை மேடையேற்றினால் அவர் இலக்கியம் பேசுவார் என்றே அவையோர் எதிர்பார்ப்பர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உணவு. அதிலும் குறிப்பாகப் புரதம். புலாலும் முட்டையும் உண்ணாத ஒருவர், உடலில் கொழுப்பு ஏறாமல் தசையை வளர்த்துக்கொள்ள இயலுமா என்பதே என் வினா. இதனை நான் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதற்காரணம் நம் இளைஞர்கள். இவ்வூரிலிருந்து சிவகாசிக்கு அச்சகப் பணிக்கும் பட்டாசுப் பணிக்கும் சென்று திரும்பும் பிள்ளைகளில் சிலர் மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்கின்றனர். அது பாராட்டத்தக்க பழக்கம். ஆனால் அங்கே, "முட்டை தின்னாமல் உடம்பு ஏறாது, தின்ன மாட்டாய் என்றால் இந்தப் பொடியை வாங்கு" என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. என் பழைய மாணவர் ஒருவர் என்னை வழியில் நிறுத்தி, "ஐயா, கொள்கையைக் காப்பதா, உடம்பைக் காப்பதா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்வியன்று அது. அவருக்கு விடை கூறும் கடமை, புலால் மறுத்தலைப் போற்றும் இந்த அவைக்கு உண்டு.

இரண்டாம் காரணம் நம் மூத்தோர். தரையில் அமர்ந்தால் கையூன்றாமல் எழ இயலாதவர்கள் நம் வீடுதோறும் உள்ளனர். கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் பருத்திருக்கும். வயதானால் அப்படித்தான் என்று நாம் தேற்றிக்கொள்கிறோம். கால் வலுவிழந்தவர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, பின்னர் அவர் படுக்கையைவிட்டு எழுவது அரிதாகிறது. முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்குப் பின் அக்குறைவு விரைகிறது என்றும் மருத்துவ நூலார் கூறுவர். அறுபதைக் கடந்த எனக்கும் இது அயலார் கதையன்று.

இளைஞரின் கேள்வியும் முதியோரின் துன்பமும் ஒரே பொருளைப் பற்றியன. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொள்கையையும் காக்கலாம், உடம்பையும் காக்கலாம். அதற்கு வேண்டிய பொருள் விருதுநகர்ச் சந்தையில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் வணிகத்தால் பெயர்பெற்ற மாவட்டம் நம்முடையது. அவ்வளவு பருப்பும் நம் ஊர்வழியே சென்றும், நம் தட்டுக்கு வருவது ஒரு கரண்டிதான். குறை நம் தட்டின் விகிதத்தில் உள்ளது.

குன்னூர் காட்டிய உண்மை

இந்த விகிதக் கேள்வி நூறாண்டுப் பழைமையுடையது. அதற்கு விடை தேடிய இடமும் தமிழ்நாட்டிலேயே உள்ளது. 1918ஆம் ஆண்டில் நீலகிரியில், குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ ஆய்வாளர் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவொன்றைத் தொடங்கினார். அப்பிரிவே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் நாட்டுக்கே உணவு வழிகாட்டியாக விளங்குகிறது.

மெக்காரிசன் குன்னூரில் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் அன்றாடம் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. வங்காளத்தார் உணவையும் சென்னை மாகாணத்தார் உணவையும் உண்டவை கடைசியில் நின்றன.

இதைக் கேட்டவுடன், வடக்கே இறைச்சி உண்பதால் வலிமை வந்தது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அம்முடிவு பொருந்தாது. அந்தச் சீக்கியர் உணவில் முதன்மையாக இருந்தவை முழுக்கோதுமை, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியன. இறைச்சியின் பங்கு சிறிதே. கடைசியில் நின்ற நம் உணவிலோ தீட்டிய அரிசி மிகுந்திருந்தது. பாலும் பருப்பும் குறைந்திருந்தன. உயிர்ச்சத்துக் குறைவும் அதில் பங்குகொண்டது என்பது உண்மையே. ஆயினும் அச்சோதனை நமக்குக் கூறும் செய்தி தெளிவானது. சோறு மிகுந்து, மற்றவை பெயரளவுக்கு இருந்தால் உடல் வளராது.

நம் தட்டின் கணக்கு

எவ்வளவு புரதம் வேண்டும்? உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம் ஆகும். எடை தூக்கிப் பயிற்சி செய்து தசையை வளர்க்க விரும்புவோருக்கு இன்னும் வேண்டும். 2018இல் 49 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நோக்கியபோது, கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை பயன் கூடியது. அதற்கு மேல் உண்டதால் தசை மேலும் வளரவில்லை. ஆகவே 60 கிலோ இளைஞருக்கு 72 முதல் 96 கிராம் வரை போதும். மூத்தோருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்பது முதியோர் ஊட்டவியல் வல்லுநர்களின் பரிந்துரை. உடல் பருத்திருப்போர் தம் இன்றைய எடையை வைத்துக் கணக்கிடாமல், தம் உயரத்துக்கு உரிய எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

இனி நம் தட்டைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி உண்பவர், அதிலிருந்து ஏறத்தாழ 32 கிராம் புரதம் பெறுகிறார். சாம்பாரில் கரைந்த 30 கிராம் துவரம்பருப்பு 6 கிராமைத் தருகிறது. ஒரு கிண்ணம் தயிர் 3 கிராம்; காய்கறி 3 கிராம். ஆக மொத்தம் 44 கிராம். அதிலும் பெரும்பகுதி அரிசியின் புரதம்.

"குறைந்தால் என்ன, சோற்றைக் கூட்டிக்கொள்கிறேன்" என்றால், அங்கேதான் கொழுப்பு நுழைகிறது. அரிசியிலிருந்து மட்டும் 75 கிராம் புரதம் பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 950 கிராம் அரிசி உண்ண வேண்டும். அது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கலோரி. அவ்வளவையும் எரிக்கும் உழைப்பு இன்று எவருக்கு உண்டு? எரியாதது வயிற்றில் சேர்கிறது. தசை மெலிந்து வயிறு பருத்த உடல் எவ்வாறு உண்டாகிறது என்பது இப்போது விளங்கும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி வேண்டுவோருக்கு ஒரு நாள் உணவை இவ்வாறு வகுக்கிறது: தவசம் 250 கிராம், பயறும் பருப்பும் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இவற்றுள் முதல் இரண்டை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். மூன்று பங்கு தவசத்துக்கு ஒரு பங்கு பயறு. சமைக்காத நிலையில் அளந்த அளவு இது. நம் வீடுகளில் இது பதின்மூன்றுக்கு ஒன்று என்ற நிலையில் உள்ளதை மேற்கண்ட கணக்கே காட்டுகிறது.

கலோரி விலை

பொருள் வாங்கும்போது ரூபாய் விலையைப் பார்ப்பதுபோல, புரதம் வாங்கும்போது கலோரி விலையையும் பார்க்க வேண்டும். கொழுப்பு ஏறாமல் தசை வளர்ப்பதன் நுட்பம் முழுவதும் இதில் அடங்கும்.

10 கிராம் புரதம் பெற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீல்மேக்கர் என்று கடைகளில் விற்கும் சோயாவில் அதன் விலை ஏறத்தாழ 70 கலோரி. பன்னீரில் 140. துவரை, உளுந்து, பாசிப்பருப்பு போன்றவற்றில் 150. கொழுப்புக் குறைத்த சாதாரணப் பாக்கெட் பாலில் 190. நிலக்கடலையில் 220க்கு மேல். முந்திரியில் 290. தீட்டிய அரிசியில் 440க்கு மேல்.

நிலக்கடலை தீயது என்று இதற்குப் பொருளன்று. 100 கிராமில் 24 கிராம் புரதம் உள்ள அரும்பொருள் அது. மண்ணுக்குள் விளைவதால் சிலர் அதனைக் கிழங்கென்று ஐயுறுவர். அது பயற்றினத்தைச் சேர்ந்த வித்தே. ஒரு கைப்பிடி உண்டால் நலம். அளவில்லாமல் கொறித்தால் எண்ணெய்தான் சேரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் நம் பக்கத்து ஊர்களின் பெருமை. இரண்டிலும் புரதமும் உண்டு. ஆயினும் ஒன்றில் வெல்லமும் மற்றொன்றில் சர்க்கரையும் கலந்திருப்பதால், இவற்றைப் புரத உணவென்று கருதி உண்பது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். விழாநாளில் ஒரு துண்டு மகிழ்ச்சியோடு உண்போம், அத்துடன் நிறுத்துவோம்.

புரதம் எவ்வளவு உண்டாலும் கொழுப்பாகாது என்று எண்ணுவோரும் உளர். தேவைக்கு மேற்பட்ட புரதத்தை உடல் தனியே சேமித்து வைப்பதில்லை. அதன் நைட்ரசனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுகிறது, எஞ்சியது எரிபொருளாகிறது, மொத்த உணவே மிகுந்தால் கொழுப்பும் கூடுகிறது. அளவறிந்து உண்க என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வற்புறுத்தியது புரதத்துக்கும் பொருந்தும்.

இரண்டு குறைகள் சேர்ந்து ஒரு நிறைவு

பயற்றுப் புரதம் முழுமையற்றது, இறைச்சியின் புரதமே முழுமையானது என்பது அடிக்கடி கேட்கப்படும் குறை. அதில் பாதி உண்மை உண்டு. புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசி, கோதுமை, கம்பு ஆகிய தவசங்களில் லைசின் என்னும் கூறு குறைவு. பயறுகளில் லைசின் நிறைய உண்டு. மெத்தியோனின் என்னும் கூறு குறைவு. தவசத்தின் குறையைப் பயறும், பயற்றின் குறையைத் தவசமும் நிரப்புகின்றன. இட்லி, பொங்கல், அடை, உளுந்தஞ்சோறு ஆகியவற்றில் நம் முன்னோர் இவ்விரண்டையும் சேர்த்தே சமைத்தனர். பாலும் சோயாவும் எல்லாக் கூறுகளும் போதிய அளவில் உடையன.

இங்கே நம் சமய ஒழுக்கம் பற்றிய ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடலாம். காய்ச்சாத தயிரையும் பருப்பையும் கலந்து உண்பதைச் சமண இல்லங்களில் விலக்குவர். அவ்வாறாயின் பாலின் புரதமும் பருப்பின் புரதமும் எவ்வாறு சேரும் என்று தாய்மார்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே கலத்தில் சேர வேண்டுமென்று உடல் கேட்பதில்லை. ஒரே நாளில், வெவ்வேறு வேளையில் உண்டாலும் அது சேர்த்துப் பயன்படுத்திக்கொள்கிறது. தயிரை முன்னரே காய்ச்சியும் சேர்க்கலாம். முளைகட்டிய பயற்றை விலக்குவோரும் உண்டு. அவர்கள் எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நன்றாக வேகவைத்தால் போதும். செரிமானத்துக்கு இடையூறான பொருள்கள் பெருமளவு நீங்கும். வாயுத் தொல்லைக்கு அஞ்சிப் பயற்றைத் தவிர்ப்போரும் இம்முறையைக் கையாண்டு, சிறிது சிறிதாக அளவைக் கூட்டலாம்.

தமிழில் முழுமணியைப் பயறு என்றும், உடைத்துத் தோல் நீக்கியதைப் பருப்பு என்றும் வேறுபடுத்துகிறோம். இரண்டிலும் புரதம் உண்டு. பயற்றில் நார்ச்சத்து மிகுதி; ஆதலின் குறைவாக உண்டாலே வயிறு நிறையும். எடை குறைக்க விரும்புவோர் காணம், தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை ஆகியவற்றைப் பயறாகவே உண்க. பசி குறைந்த முதியோரும், நோன்பு முடித்துப் பாரணை செய்வோரும் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொள்க.

இளவட்டக்கல் சொல்லும் பாடம்

உணவு மட்டும் தசையைத் தராது. தசை நாள்தோறும் சிதைந்து நாள்தோறும் கட்டப்படும் ஒரு வீடு. புரதம் செங்கல், உழைப்பே கொத்தனார். கொத்தனார் வராத வீட்டில் செங்கல் இறக்கிப் பயனில்லை.

"எங்கள் வேலையே உழைப்புத்தானே" என்று பட்டாசுப் பணிக்குச் செல்லும் சகோதரிகள் கூறுவர். உண்மை, அது களைப்பு மிகுந்த பணி. ஆயினும் பல மணி நேரம் தரையில் அமர்ந்து விரல்களால் செய்யும் பணி அது. முதுகு வலிக்கிறது, கண் எரிகிறது. தொடைக்கும் தோளுக்கும் பளு ஏறுவதில்லை. களைப்பு வேறு, தசைக்கு வேண்டிய பளு வேறு.

நம் தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்று உருண்டைக் கல் கிடக்கக் காணலாம். இளைஞர்கள் அதைத் தூக்கிப் பழகினர். எடுத்த எடுப்பில் எவரும் தோளுக்கு மேல் தூக்கிவிடவில்லை. முதலில் அசைத்தனர், பின்னர் முழங்கால் வரை, மார்பு வரை என்று நாள்பட உயர்த்தினர். பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் என்னும் இன்றைய பயிற்சி விதி இதுவே. பஸ்கி, தண்டால், கரலாக்கட்டை ஆகியனவும் அவ்வகையின. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அறுபத்தைந்தைக் கடந்தோர் உடல் தள்ளாடாமல் நிலைநிற்கும் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும்.

மூத்தோர்க்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. சுவரோரம் ஒரு நாற்காலியை இட்டு, கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்க. இயலாதவர் தொடக்கத்தில் கையூன்றலாம். சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் பத்து. இவ்வளவே தொடைத் தசைக்குப் போதிய தொடக்கம்.

பொழுது சாயுமுன்

ஒரே வேளையில் நாள் முழுவதற்குமான புரதத்தை உண்பதைவிட, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு ஏறத்தாழ 20 கிராம் என உண்பது தசைக்கு நல்லது. பொழுது சாய்ந்தபின் உண்ணாத ஒழுக்கம் உடையோர்க்கு இது தடையாகாது. ஆனால் இரவு முழுதும் பன்னிரண்டு மணிக்கும் மேலாக உடல் உணவின்றி இருப்பதால், அவர்களுடைய காலை உணவில் புரதம் கட்டாயம் வேண்டும். வெறும் இட்லியும் தண்ணீர்ச் சட்னியும் போதா.

60 கிலோ எடையுடன் பயிற்சி செய்யும் இளைஞருக்கு ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். காலையில் 40 கிராம் பருப்பும் 40 கிராம் அரிசியும் சேர்ந்த அடை, ஒரு குவளைப் பால்: 18 கிராம் புரதம். நண்பகலில் 100 கிராம் அரிசி அல்லது நம் மாவட்டத்துக் குதிரைவாலிச் சோறு, 40 கிராம் பருப்பில் ஆக்கிய கெட்டிக் குழம்பு, கீரை, காய்ச்சிச் சேர்த்த தயிர்: 24 கிராம். மாலை நான்கு மணிக்கு 30 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், ஒரு சிறு கைப்பிடி நிலக்கடலை: 11 கிராம். பொழுது சாயுமுன் மூன்று சப்பாத்தி, 20 கிராம் மீல்மேக்கர் அல்லது 50 கிராம் பன்னீர் இட்ட குருமா, ஒரு குவளைப் பால்: 24 கிராம். மொத்தம் 77 கிராம்.

எண்ணெய், காய், பழம் சேர்த்தும் இது ஏறத்தாழ 2,000 கலோரிக்குள் அடங்கும். பளு மிகுந்த வேலை செய்வோர் தவசத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். இதில் முட்டை இல்லை, இறைச்சி இல்லை, கிழங்கு இல்லை, டப்பாப் பொடியும் இல்லை. பணியிடத்துக்குச் செல்வோர் சுண்டலையும் மாலை உணவையும் தூக்குவாளியில் கொண்டுசெல்லலாம்.

பொடி பற்றிச் சில சொற்கள். உடலை வளர்க்கவென்று புரதப் பொடி உண்பதைத் தவிர்க்குமாறு முன்பு கூறிய 2024ஆம் ஆண்டு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. அதே ஆண்டு, இந்தியாவில் விற்கும் 36 வகைப் பொடிகளைச் சோதித்த ஆய்வொன்று வெளிவந்தது. அவற்றுள் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டில், உறையில் அச்சிட்ட புரத அளவு உண்மையோடு பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. ஒரு டப்பாவின் விலைக்கு ஒரு குடும்பத்தின் ஒரு மாதப் பருப்பையே வாங்கலாம்.

எச்சரிக்கையும் உண்டு. சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நெடுநாள் உடையோர் முதலில் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்க. புலாலும் முட்டையும் உண்ணாதோர்க்கு பி12 உயிர்ச்சத்துக் குறையக்கூடும். பாலும் தயிரும் ஓரளவு தரும். சோர்வும் கால் மரமரப்பும் இருப்பின் மருத்துவரிடம் காட்டுக.

நாம் செய்ய வேண்டியது

காமராசர் பிறந்த மாவட்டம் இது. 1956இல் அவர் விரிவாக்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்தன என்பதை ஆசிரியப் பணியில் கண்ணாரக் கண்டவர்களுள் நானும் ஒருவர். இன்று சத்துணவில் முட்டை அளிக்கின்றனர். முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் அளிக்கின்றனர். அவர்களை மறவாமல் தருவது போற்றத்தக்கது. ஆனால் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் 1 கிராம்தான். எஞ்சிய 5 கிராமை வீடுதான் ஈடுசெய்ய வேண்டும். 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் அந்த முட்டைக்கு ஈடாகும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு வறுவல் பாக்கெட்டைக் கொடுக்காமல் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுங்கள்.

வீட்டுப் பொருள் கணக்கையும் மாற்ற வேண்டும். நியாயவிலைக் கடையில் பல குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டும் ஏழைக்குப் பேருதவி. எனினும் இருபதுக்கு ஒன்று என்ற அந்த அளவையே நம் சமையலின் அளவாகக் கொண்டுவிட்டோம். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 10 கிலோ பயறும் பருப்பும் வேண்டும். எஞ்சிய ஒன்பது கிலோவையும் விலையுயர்ந்த பருப்பாக வாங்க வேண்டியதில்லை. காணத்தையும் தட்டைப்பயற்றையும் கொண்டைக்கடலையையும், விலை குறைந்த காலம் பார்த்து மாறி மாறி வாங்கலாம். அரிசி, எண்ணெய், தின்பண்டம் ஆகியவற்றில் குறையும் செலவு இதற்கு ஓரளவு கைகொடுக்கும்.

அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விழாநாளில் இனிப்பும் சோறும் வழங்கி வருகிறீர்கள். அடுத்த ஆண்டு முதல், இவ்வூர்ப் பணிக் குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு கிலோ பயறும், அதனைச் சமைக்கும் முறை அச்சிட்ட தாளும் சேர்த்து வழங்குங்கள். அச்சுக்குப் பெயர்பெற்ற சிவகாசி அருகில் இருக்க, தாளுக்கு நமக்கென்ன பஞ்சம்? உயிர்க்கொலை தவிர்த்தலைப் பேசும் நாம், அதனைக் கடைப்பிடிப்போரின் உடல் மெலியாமல் காப்பதும் அவ்வறத்தின் பகுதியே. புலால் மறுத்தவர் வலுவிழந்து நிற்பாராயின், அவர் பிள்ளை நாளை அக்கொள்கையைக் கைவிடுவான். வலுவோடு நிற்பாராயின், நாம் பேச வேண்டிய தேவையே இராது.

தாய்மார்களே, இன்று இல்லம் சென்றதும் ஒன்று செய்யுங்கள். அரிசி அளக்கும் உழக்கால் மூன்றுமுறை தவசத்தை அளந்தால், அதே உழக்கால் ஒருமுறை பயற்றை அளந்து ஊறவையுங்கள். பயிற்சி செய்யும் பிள்ளை இருப்பின், இரண்டுக்கு ஒன்று என்று அளவுங்கள். பெரியோர்களே, நாளைக் காலையில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து பாருங்கள். அடுத்த ஆண்டு இவ்விழாவில், தரையில் இடும் பந்தியில் நாம் அனைவரும் அமர்ந்து, பிறர் கைபிடிக்காமல் எழ வேண்டும் என்பதே என் விருப்பம்.